விடத் தெரிந்த பிடி

2011 டிசம்பர் 10 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த யுஎஃப்சி 140 என்ற கலப்புச் சண்டைப் போட்டியில், பிரேசிலின் அந்தோனியோ ரோட்ரிகோ நொகெய்ரா அமெரிக்கரான பிராங்க் மிரைக் குத்துகளால் நிலைகுலைய வைத்தார். மிர் தரையில் சரிந்தார். தொடர்ந்து குத்தியிருந்தால் நடுவர் ஆட்டத்தையே நிறுத்தியிருக்கக்கூடும். ஆனால் நொகெய்ரா குத்துவதை விட்டு, எதிராளியின் தலையை அக்குளுக்குள் அடக்கி முன்கையால் கழுத்தை நெரிக்கும் கில்லட்டின் பிடிக்குப் போனார். அது பலிக்கவில்லை. மிர் தலையை உருவிக்கொண்டு மேலே வந்தார். நொகெய்ராவின் ஒரு கையை மடக்கித் தோளோடு முறுக்கும் கிமுரா பிடியைப் போட்டார். நொகெய்ரா தப்பிக்க உருண்டார். மிர் பிடியை விடாமல் கூடவே உருண்டு மறுபடியும் மேலேயே வந்து சேர்ந்தார். முதல் சுற்றின் 3 நிமிடம் 38ஆவது நொடியில் ஆட்டம் முடிந்தபோது நொகெய்ராவின் மேற்கை எலும்பு முறிந்திருந்தது. அதுவரை சப்மிஷனில் அவர் தோற்றதே இல்லை.

குத்தியே முடித்திருக்கலாமே என்பதுதான் இந்த ஆட்டத்தைப் பற்றி வழக்கமாக எழும் பேச்சு. அதைவிட முக்கியமான ஒன்று இதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். சில நிமிடங்களுக்குள் இரண்டு சப்மிஷன் முயற்சிகள் நடந்தன. எதிராளி கையால் தட்டி, போதும் என்று ஒப்புக்கொள்ளும்வரை மூட்டையோ கழுத்தையோ நெருக்குவதுதான் சப்மிஷன். இரண்டு முயற்சிகளுமே முதல் இழுப்பில் முடியவில்லை. நொகெய்ராவின் முயற்சி தவறியபோது, மேலே இருந்த சாதகமும் சேர்ந்து போனது. மிரின் முயற்சியிலிருந்து எதிராளி உருண்டு தப்பப் பார்த்தபோது மிருக்கு எதுவும் போகவில்லை. இரண்டாவது முறை இழுக்க வாய்ப்புதான் கிடைத்தது. இந்த வேறுபாட்டை அதிர்ஷ்டம் என்றோ அனுபவம் என்றோ சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இயந்திரவியலும் உடலியங்கியலும் இன்னும் தெளிவான விடையைத் தருகின்றன. பிடி தவறிய பிறகு நிலையை மீட்பதைத் தனி வித்தையாகக் கற்பிப்பது வழக்கம். என் வாதம் வேறு: மீட்சியில் பெரும்பகுதி, பிடி தவறுவதற்கு முன்பே, அதைப் போடும் விதத்திலும் விடும் நேரத்திலும் தீர்மானமாகிவிடுகிறது.

மேலே இருப்பது ஏன் சாதகம் என்பதிலிருந்து தொடங்கலாம். மவுண்ட் என்ற நிலையில் ஒருவர் எதிராளியின் வயிற்றின் மீதோ மார்பின் மீதோ இருபுறமும் முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். 80 கிலோ எடையுள்ளவர் தன் எடையில் எவ்வளவை எதிராளியின் மார்பில் இறக்குவது, எவ்வளவை முழங்கால்கள் வழியே தரைக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கணமும் தானே முடிவு செய்யலாம். கீழே இருப்பவருக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு பளு தூக்கல். புவியீர்ப்புக்குக் களைப்பு கிடையாது. மேலே இருப்பவருக்கு அது இலவசமாக வேலை செய்கிறது. இப்போது அவர் அங்கிருந்து ஆர்ம்பார் போட நினைக்கிறார். எதிராளியின் ஒரு கையை மார்போடு அணைத்து, ஒரு காலை அவர் முகத்தின் குறுக்கேயும் இன்னொன்றை மார்பின் குறுக்கேயும் போட்டு, மல்லாந்து சாய வேண்டும். சாய்ந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. முதுகும் இடுப்பும் தரையில். எதிராளியின் மேல் கிடப்பவை இரண்டு கால்கள் மட்டும். ஒரு கால் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. எனவே 80 கிலோவில் அதிகம் போனால் 26, 27 கிலோதான் அவரை அழுத்த முடியும். மீதி எடை முழுவதும் பயன்படாமல் தரையில் கிடக்கிறது. ஆக, ஆர்ம்பார் போடுபவர் புவியீர்ப்பின் உதவியைக் கொடுத்து நெம்புகோலின் உதவியை வாங்குகிறார். நெம்புகோல் வேலை செய்யும்வரை அது மிக நல்ல வியாபாரம். அது நின்றுபோகும் கணத்தில் அவரிடம் இரண்டுமே இல்லை.

அந்த நெம்புகோல் எப்போது நின்றுபோகிறது? கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிறவர் கடப்பாரைக்கு அடியில் ஒரு சிறு கல்லை வைப்பார். அந்தக் கல் இடம் மாறினால் அவர் பலம் முழுவதும் வீண். ஆர்ம்பாரில் அந்தக் கல், பிடி போடுபவரின் இடுப்பெலும்பு. அது எதிராளியின் முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, மேற்கையின் பக்கமாக முட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி இருக்கும்போது மணிக்கட்டை 300 நியூட்டன் விசையோடு, அதாவது 30 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவுக்கு, இழுத்தால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறத்தாழ கால் மீட்டர் என்பதால் மூட்டின் மீது 75 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது. பயிற்சியுள்ள ஓர் ஆண் முழங்கையை மடக்கும் பலம் இந்த அளவை ஒட்டியே இருக்கும். கை நீள நீள அதுவும் குறைந்துவிடும். இழுப்பவருக்கோ முதுகும் தொடையும் சேர்ந்து உதவுகின்றன. ஆனால் எதிராளி உடலை நெளித்து முழங்கையைத் தன் பக்கம் ஐந்தாறு சென்டிமீட்டர் உருவிக்கொண்டால், இடுப்பெலும்பு இப்போது முன்கையின் அடியில் வந்துவிடுகிறது. அதன் பிறகு மணிக்கட்டை எவ்வளவு இழுத்தாலும் முழங்கை பின்புறமாக வளையாது. இங்கே 75 படிப்படியாக 60 ஆகி 40 ஆவதில்லை. முட்டு மூட்டைக் கடந்ததும், மூட்டை உடைக்கும் விசை ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுக் கூடங்களில் இதை ‘எல்போ லைன்’ என்பார்கள். அந்தக் கோட்டைக் கடந்த கை போன கைதான்.

இந்தச் செய்தி கண் வழியாக வருவதில்லை. மல்லாந்து கிடப்பவரின் பார்வை பெரும்பாலும் கூரையில் இருக்கும். எதிராளியின் முழங்கை பிடி போட்டவரின் தொடைகளுக்கு நடுவே மறைந்திருக்கும். உள்தொடையின் தோலில்தான் அது தெரியும். இறுகிய முழங்கால்களுக்கு இடையே முழங்கையின் எலும்பு முனை உரசிக்கொண்டு நகர்வதும், மார்பின் குறுக்கே கிடக்கும் காலுக்கு அடியில் எதிராளியின் தோள் மேலெழுந்து திரும்புவதும் தொடு உணர்வாகவே வந்து சேர்கின்றன. ஒரு வகையில் இது நல்லதுதான்: தொடு உணர்வுக்கு மனிதர்கள் காட்டும் எதிர்வினை, கண்ணால் கண்டதற்குக் காட்டுவதைவிடச் சில பத்து மில்லிநொடிகள் வேகமானது. ஆனால் தொடைகள் முழு பலத்தோடு இறுகியிருக்கும்போது மெல்லிய உரசலை உணர்வது கடினம். பலமாக நெருக்க நெருக்க, பிடி நழுவும் செய்தி மங்குகிறது. திறமையானவர்கள் கால்களைக் கடைசி இழுப்பு வரை முழுதாக இறுக்காமல் எதிராளியின் தோளோடு ஒட்டி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மூட்டுப் பூட்டுகளில் இடம் செய்தி சொல்கிறது என்றால், கழுத்து நெரிப்பில் நேரமே செய்தி சொல்கிறது. 1943இல் அமெரிக்காவில் ரோசனும் காபட்டும் ஆண்டர்சனும் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களின் கழுத்தில் காற்றழுத்தப் பட்டை கட்டி மூளைக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பார்த்தார்கள். இன்று எந்த மருத்துவ அறக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது, அனுமதிக்கவும் கூடாது. ஏறத்தாழ 5 முதல் 11 நொடிக்குள் அவர்கள் நினைவிழந்தார்கள். மனிதக் கை அந்தப் பட்டையைப் போலக் கச்சிதமானது அல்ல. முதுகெலும்புக்குள் ஏறும் தமனிகளை அது தொடுவதும் இல்லை. என்றாலும் சரியான இடத்தில் விழுந்த நெரிப்பில் பத்து நொடியை ஒட்டி விளைவு தெரிந்துவிடும் என்பதே ஜூடோ உலகின் நீண்ட அனுபவமும். இதன் பக்கத்தில் இன்னொரு கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தசைகள் உச்ச விசைக்குப் பயன்படுத்தும் பாஸ்போகிரியேட்டின் சேமிப்பும் பத்து நொடியை ஒட்டியே வற்றிப்போகிறது. அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்வதால் புது எரிபொருளும் போதுமான அளவு வந்து சேராது. ஜெர்மானிய ஆய்வாளர் ரோமெர்ட் 1960இல் வரைந்துகாட்டிய வளைகோட்டின்படி, உச்ச விசையில் பாதி அளவை ஏறத்தாழ ஒரு நிமிடம் தாங்கலாம். முழு உச்சத்தையோ சில நொடிகள்தான்.

இரண்டு கடிகாரங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பத்து நொடி முழு பலத்தோடு நெருக்கியும் எதிராளி தட்டவில்லை என்றால், அந்தப் பத்து நொடியே ஒரு சாட்சியம்: கை சரியான இடத்தில் இல்லை. அதே நேரத்தில் இடத்தைச் சரிசெய்யவும், விட்டுவிட்டு நிலையைக் காக்கவும் தேவையான முன்கைப் பலம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பதினைந்தாவது நொடியிலும் கில்லட்டினைப் பிடித்துத் தொங்குகிறவர் விடாமுயற்சி காட்டுவதாக எண்ணலாம். உண்மையில், முதல் ஐந்து நொடிகளில் கிடைக்காத ஒன்றை அப்போதிருந்ததில் பாதிப் பலத்தோடு தேடிக்கொண்டிருக்கிறார். ‘எதிராளிக்கும் களைப்பு வருமே’ என்று இங்கே மறுப்பு எழும். வரும், ஆனால் சமமாக வராது. இறுக்குகிறவர் தசையால் வேலை செய்கிறார். தாடையைத் தாழ்த்தி, நெரிக்கும் கையின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றி, தோளை அழுத்திக் காத்திருப்பவரின் சுமையில் பெரும்பகுதியை எலும்பும் தரையும் தாங்குகின்றன. ஒரே நேரத்தில் தொடங்கினாலும் முதலில் வற்றுவது தாக்குகிறவரின் தொட்டிதான்.

செய்தி கிடைத்துவிட்டால் விடுவது எளிதா? தொடங்கிவிட்ட செயலை நிறுத்துவதற்கே மூளைக்கு நேரம் தேவை. லோகனும் கோவனும் 1984இல் முன்வைத்த மாதிரியில், செய் என்ற கட்டளையும் நிறுத்து என்ற கட்டளையும் ஒன்றோடொன்று பந்தயம் ஓடுகின்றன. எளிய ஆய்வகப் பணிகளில் நிறுத்து என்பது வேலை செய்ய ஏறத்தாழ கால் நொடி பிடிக்கிறது. 1931இல் டெல்ஃபோர்ட் கண்டறிந்த இன்னொரு தடையும் உண்டு: ஒரு தூண்டலுக்கான பதிலில் மனம் ஈடுபட்டிருக்கும்போதே அடுத்த தூண்டல் வந்தால், இரண்டாவதற்கான பதில் தாமதமாகிறது. பொத்தானை அழுத்தும் சோதனையை வைத்து உடலோடு உடல் உரசும் மல்யுத்தத்தைப் பேசலாமா என்று கேட்பது நியாயம். மில்லிநொடி எண்களை அப்படியே மெத்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்துக்கு எதிராகப் போகவில்லை. ஆய்வகத்தில் இருப்பவருக்கு இரண்டே தேர்வுகள், தெளிவான விளக்கு, ஓய்ந்த உடல். மெத்தையில் இருப்பவருக்குச் சமிக்ஞை மங்கலானது, தேர்வுகள் பல, உடலும் மூச்சிரைக்கிறது. எனவே உண்மையான தாமதம் கூடுதலாகத்தான் இருக்க முடியும். ஆர்ம்பாரிலிருந்து கையை உருவியவர் புரண்டு முழங்கால் ஊன்ற ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் செய்தியை உணர்ந்து, விட முடிவெடுத்து, மாற்று நிலையைத் தேர்ந்து, காலை நகர்த்தி முடிக்க வேண்டும். இவற்றில் சுருக்க முடிந்தது ஒன்றே ஒன்று: தேர்வு. அதைப் பிடி போடும் முன்பே எடுத்து வைத்துவிட்டால், அந்த ஒரு நொடி போதுமானதாகிவிடும்.

முன்பே எடுத்து வைப்பது என்றால் என்ன? ஆர்ம்பாரில் எதிராளி புரளத் தொடங்கும் திசைதான் பதிலை நிர்ணயிக்கிறது. அவர் நம் கால்களின் பக்கமாகத் திரும்பி எழுந்தால், மார்பின் குறுக்கே கிடந்த காலை மடக்கி, முழங்காலை இருவருக்கும் நடுவே நுழைத்து, கணைக்கால் எலும்பை, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பை, அவர் மார்புக்கு எதிராக நிறுத்த வேண்டும். அந்த எலும்பு அவர் எடையைத் தசையின் தயவின்றித் தாங்கும். இன்னொரு பாதம் அவர் இடுப்பில் ஊன்றும். இப்போது நாம் கீழே இருக்கிறோம், ஆனால் நசுங்கவில்லை. ‘கார்ட்’ என்ற, மறுபடியும் தாக்கக்கூடிய நிலையில் இருக்கிறோம். அவர் எதிர்ப்பக்கம் புரண்டால், முகத்தின் மேலிருந்த காலைத் தூக்கி அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தால் மேலேயே இருக்கலாம். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, மீட்கும் கருவிகள் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை என்பதே. தாக்கிய அதே கால்கள், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நகர்ந்து காவல் கால்களாகின்றன. மிரின் கிமுரா நிலைத்ததற்கும் இதுதான் விளக்கம்: அந்தப் பிடியில் இரண்டு கைகளும் எதிராளியின் மணிக்கட்டையும் மேற்கையையும் ஒரே வளையமாகக் கட்டிவிடுவதால், தோளும் அதன் வழியாக மேலுடலும் சேர்ந்து சிக்குகின்றன. முறுக்கு பலிக்காத நேரத்திலும் அது ஒரு கட்டுப்பாடாக நீடிக்கிறது. கில்லட்டினில் தலை வெளியே வந்துவிட்டால் கையில் மிஞ்சுவது எதுவுமில்லை.

இதன் மதிப்பைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, உறவு மட்டும் உண்மை. ஒருவரின் பிடி ஒவ்வொரு முயற்சியிலும் 30 சதவீதம் பலிக்கிறது; தவறினால் நிலை முற்றிலும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 30 சதவீதம். கடுமையாக உழைத்துப் பிடியைக் கூர்மையாக்கினால் அது 40 ஆகலாம். அதே ஆள் பிடியை மேம்படுத்தாமல், தவறிய முயற்சிகளில் 80 சதவீதத்தில் நிலையைக் காத்து மீண்டும் முயலக் கற்றுக்கொண்டால்? முயற்சிகளுக்கு வரம்பில்லை என்றால் மொத்த வாய்ப்பு 68 சதவீதத்தைத் தொடுகிறது. வரம்பு எப்போதும் உண்டு, எதிராளியும் கற்றுக்கொள்கிறார், நாமும் களைக்கிறோம் என்று சொல்லலாம். சரி, இரண்டே முயற்சிகள் என்று கட்டுப்படுத்தினாலும் ஏறத்தாழ 47 வருகிறது. பிடியைக் கூர்மையாக்கியதில் கிடைத்த 40ஐ விட அதிகம். பலிக்கும் விகிதத்தை உயர்த்துவதற்கு எதிராளி முழு பலத்தோடு குறுக்கே நிற்கிறார். சரியான கணத்தில் விடுவதோ பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் எதிராக வரக்கூடிய கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: விடுவதைப் பற்றி யோசிக்கிறவர் எதையும் முடிக்க மாட்டார், பாதி மனதோடு போட்ட பிடி பாதியிலேயே நிற்கும். இதைச் சொல்பவர்கள் அனுபவசாலிகள், எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2012 செப்டம்பரில் யுஎஃப்சி 152இல் வீட்டர் பெல்ஃபோர்ட் ஜான் ஜோன்ஸின் கையை ஆர்ம்பாரில் இயல்பு வரம்பைத் தாண்டி நீட்டினார். ஜோன்ஸ் தட்டவில்லை, கையை உருவி வெளியே வந்தார், நான்காவது சுற்றில் அவரே பெல்ஃபோர்ட்டை சப்மிஷனில் தோற்கடித்தார். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த ஆட்சேபம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறது. இழுக்கும் விசை ஒன்று. இழுப்பை நீட்டிக்கும் காலம் இன்னொன்று. முட்டு சரியான இடத்தில் இருக்கும்வரை முழு விசையோடு இழுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முட்டு நகர்ந்த பிறகும் இழுப்பதில் உறுதி எதுவுமில்லை. ஏற்கெனவே செலவழித்ததை மீட்கும் ஏக்கம்தான் இருக்கிறது. ஆர்க்ஸும் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிகமான நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றேதான், செலவு மட்டும் வேறு. பிடியில் செலவழித்த மூச்சும் அப்படித்தான் நம்மை மேலும் பிடித்துத் தொங்க வைக்கிறது. விடும் அடையாளம் முன்கூட்டியே தெளிவாக இருப்பவர்தான் அது வரும்வரை தயக்கமின்றி இழுக்க முடியும். எப்போது விடுவது என்று தெரியாதவரே இழுக்கும்போதும் பயந்துகொண்டே இழுக்கிறார்.

விதிகள் மாறினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. ஜூடோவில் தரைச் சண்டை முன்னேறாமல் நின்றால் நடுவர் ‘மத்தே’ என்று நிறுத்தி இருவரையும் எழுந்து நிற்க வைப்பார். தவறிய ஆர்ம்பாரின் விலை அங்கே சில நொடிகள்தான் நீடிக்கிறது. அதுவரை உடலைச் சுருட்டித் தாங்கினால் போதும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அப்படி யாரும் காப்பாற்ற வருவதில்லை. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி மவுண்டுக்கு 4 புள்ளிகள்; அங்கிருந்து ஆர்ம்பாருக்குப் போய்த் தவறியவரிடமிருந்து பெற்ற புள்ளிகளைப் பிடுங்குவதில்லை. ஆனால் எதிராளி மேலே வந்து கால்களைக் கடந்துவிட்டால் அவருக்கு 3 புள்ளிகள், பிறகு மவுண்டுக்கு மேலும் 4. குத்துகள் அனுமதிக்கப்பட்ட கலப்புச் சண்டையில் விலை இன்னும் கொடூரமானது. ‘முதலில் நிலை, பிறகு சப்மிஷன்’ என்ற பழைய அறிவுரை இந்த விலையை உணர்ந்தே பிறந்தது. ஆனால் அதைத் தாக்காமல் இருப்பதற்கான சாக்காகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே உள்ள கணக்கு அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது: மீளத் தெரிந்தவருக்குத் தாக்குவது மலிவு, அவர் அதிகம் தாக்கலாம்.

பயிற்சிக் கூடங்களில் இதற்கேற்ற மாற்றம் சிறியதுதான். ஆர்ம்பாரைப் போட்டு, இணை தட்டியதும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வழக்கம். நூறு முறை அப்படிச் செய்தவரின் உடல், பிடி வெற்றியில் முடியும் ஒரே பாதையை மட்டுமே கற்கிறது. தவறும் பாதை ஆட்ட நாளன்றுதான் முதன்முதலாக எதிர்ப்படுகிறது. மாறாக, முழங்கை ஏற்கெனவே பாதி நழுவிய நிலையில் தொடங்கி, இணை தனக்குத் தோன்றிய பக்கம் புரள, தாக்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையின் உணர்வை வைத்து மட்டும் கார்டுக்கோ மேலேயோ போகப் பழகலாம். எந்தப் பக்கம் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருப்பது இங்கே அவசியம். தெரிந்துவிட்டால் அது அசைவுப் பயிற்சியாகிவிடும், முடிவெடுக்கும் பயிற்சியாக இராது. இவ்வளவு பழகியவரும் விடக் கூடாத தருணம் ஒன்று இருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பிளாக் பெல்ட் பெற்ற வயதுவந்தோருக்கான 10 நிமிட ஆட்டத்தில், புள்ளிகளில் பின்தங்கிய நிலையில், கடைசிப் பதினைந்து நொடியில் கையில் ஒரு பிடி கிடைக்கிறது. இரண்டாவது முயற்சிக்கு நேரமே இல்லை. காக்கப்பட்ட நிலையால் வாங்கக்கூடியது எதுவும் மிச்சமில்லை. அப்போது முழங்கை கோட்டைக் கடந்தாலும், முன்கை எரிந்தாலும், மணி அடிக்கும்வரை இடத்தைத் திருத்தித் திருத்தி இழுப்பதே சரியான கணக்கு.